கண்மாய் மீனும் கல்கத்தாப் பதக்கமும்

பங்குனி வெயில் ஏறியதும் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். கரையோரம் பாளம் பாளமாக வெடித்து, நடுப்பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் நிற்கும். அப்போது அன்னவாசல், இலுப்பூர், பொன்னமராவதி, விராலிமலைப் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு பரவும்: "ஞாயித்துக்கிழமை கண்மாய அழிக்கிறாங்களாம்." அழிப்பது என்றால், மீனைப் பிடித்துக்கொள்ள ஊருக்கும் அயலூருக்கும் கண்மாயைத் திறந்துவிடுவது. செய்தித்தாள்களில் இதற்கு மீன்பிடித் திருவிழா என்று பெயர். முன்பு தண்டோரா போட்டார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது.

விடிவதற்குள் கரை நிறைந்துவிடும். ஊத்தா, கச்சா, தூரி, வீசுவலை என்று ஆளுக்கொன்று. ஒன்றும் இல்லாதவர்கள் கொசுவலையோடும் பழைய சேலையோடும் வந்து நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இறங்குவார்கள். ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் சேறாகும். அடியற்ற மூங்கில் கூடையான ஊத்தாவைக் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவுகிறவரின் முகத்தைப் பார்த்தாலே உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும், வர முடியாதவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது பல ஊர்களில் இன்னும் இருக்கிற முறை. அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு மழை குறையாது என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது.

கரையில் கொட்டிய மீனைப் பிரிக்கும்போது காதில் விழும் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். விரால், குரவை, கெளுத்தி, உளுவை, ஆரா, அயிரை, கெண்டை. இவற்றுக்கு நடுவே கட்லா, ரோகு, மிருகால். ஒவ்வொரு மீனுக்கும், சில மீன்களுக்குப் பருவத்துக்கு ஒன்றாகக்கூட, பெயர் வைத்திருக்கிற மக்கள் இந்த மூன்றை மட்டும் வந்த பெயராலேயே அழைக்கிறார்கள். வந்த பெயர் என்றால் வடக்கிலிருந்து, கங்கைக்கரையிலிருந்து வந்த பெயர். மீன் பெயரோடு வந்தது. எப்படி வந்தது என்ற கேள்வியை என் மனதில் போட்டவர், எங்கள் ஊர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்த ஒரு நாள் காலையில் சின்ன வேனில் பாலித்தீன் பைகள் வந்து இறங்கின. பையில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், தண்ணீரில் கண்ணும் வாலுமாக ஆயிரக்கணக்கில் குஞ்சுகள். பைகளைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் மிதக்க விட்டார். உள்ளே இருக்கிற தண்ணீரின் சூடும் கண்மாய்த் தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும் என்றார். "இதெல்லாம் ஊசி போட்டு எடுத்த குஞ்சு சார்" என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். ஊசி போட்ட மீன் உடம்புக்கு ஆகாது என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் இன்றைக்கும் பலருக்கு இருக்கிறது. ஊசி குஞ்சுக்குப் போடுவதில்லை, தாய்மீனுக்கும் தகப்பன்மீனுக்கும் முட்டையிடும் காலத்தில் போடுவது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளப் போனபோதுதான் அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு மனிதரும், அந்த மனிதருக்குப் பின்னால் ஒரு பதக்கமும் இருப்பது தெரிந்தது. அந்தப் பதக்கம் பிறந்த கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். அதற்கு முதலில் மீனின் சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும்.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் ஆற்று மீன்கள். தென்மேற்குப் பருவமழையில் கங்கையும் அதன் கிளைகளும் கரைபுரண்டு வயல்வெளியில் ஏறும்போது, இந்த மீன்கள் அந்தப் புதுவெள்ளத்தின் ஓரத்துக்கு வந்து முட்டையிடும். குளத்தில் விட்டால் நன்றாகத் தின்னும், கொழுக்கும், சினைகூடப் பிடிக்கும். ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகுவின் வயிற்றில் ஏறக்குறைய இரண்டு லட்சம் முட்டைகள் திரளும். ஆனால் அசையாத தண்ணீரில் அவை வெளியே வருவதில்லை. மழை, ஓடும் நீர், புதுமண் கலங்கல் எல்லாம் சேர்ந்து தருகிற செய்தி மூளைக்கு எட்டினால்தான் அதன் அடியில் இருக்கிற பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இயக்குநீரை விடும், சினை முற்றி முட்டை உதிரும். செய்தி வராவிட்டால் சுரப்பி சும்மா இருக்கும். சினை கொஞ்ச நாளில் உடம்போடு கரைந்துபோகும்.

அதனால் குளத்தில் மீன் வளர்க்க விரும்பியவர்கள் குஞ்சுக்கு ஆற்றைத்தான் நம்பினார்கள். வங்காளத்தில் வெள்ளக்காலத்தில் ஆற்றோரம் புனல்போன்ற வலைகளைக் கட்டி, மிதந்து வரும் குஞ்சுகளை அள்ளுவார்கள். அதில் கட்லாக் குஞ்சும் இருக்கும், கட்லாவைத் தின்னும் மீனின் குஞ்சும் இருக்கும். அந்த வயதில் பார்த்துப் பிரிப்பது கடினம். மண்பானைகளில் ஊற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தண்ணீரில் காற்று கலக்க, வழி முழுக்க ஒரு ஆள் பானைக்குள் கையை விட்டுத் தட்டிக்கொண்டே இருப்பார். பாதி செத்துப்போகும். மேதினிப்பூர், பாங்குரா பக்கத்தில் சரிவான நிலத்தில் கரைகட்டி, மழைநீர் பாய்ந்து வரும்போது ஆறுபோன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கி மீனை முட்டையிட வைத்ததும் உண்டு. அதற்கும் வானம் மனது வைக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் சுந்தர் லால் ஹோரா வருகிறார். 1896இல் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஹாஃபிசாபாதில் பிறந்தவர். 1919இல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்த நெல்சன் அன்னண்டேலின் கண்ணில் பட்டு அங்கே சேர்ந்தார். மலையோடைகளில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் சிறுமீன்கள்தான் அவருடைய முதல் காதல். அசாம் மலைகளிலும் மலாய் நாட்டிலும் உள்ள மீன் இனங்களுக்கு உறவானவை நடுவில் எங்கும் இல்லாமல் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது எப்படி என்று கேட்டார். விந்திய, சாத்பூரா மலைத்தொடர் ஒரு காலத்தில் பாலமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்ன கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது. அசோகர் தூண் கட்டளையில் எந்தெந்த நாளில் மீன் பிடிக்கக் கூடாது என்று இருப்பதையும், மானசோல்லாசத்தில் தூண்டில் மீன்பிடி பற்றி இருப்பதையும் ஒரு விலங்கியலாளராக உட்கார்ந்து படித்து எழுதியவர் அவர். நம்முடைய பழைய நூல்களில் உள்ள மீனறிவை அறிவாகவே மதித்த அந்தப் பண்புக்காகவே எனக்கு ஹோராவைப் பிடிக்கும்.

மலையோடையில் மீனைத் தேடிய அந்த மனிதர் 1942இல் வங்காள மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநரானார். எப்படிப்பட்ட நேரம் அது! ஜப்பான் படை வந்துவிடும் என்ற பயத்தில் கடலோர வங்காளத்தில் படகுகளை அரசு பறித்துவைத்திருந்தது. அடுத்த ஆண்டே பெரும்பஞ்சம். மீனும் சோறுமாக வாழ்ந்த நாட்டில் இரண்டும் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அந்தத் துயரத்தின் நடுவில் மீன்வளத் துறையைக் கையில் வைத்திருந்தவருக்கு, மீன் என்பது புட்டியில் போட்டு வைக்கும் ஆய்வுப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

1945இல் அவர் ஒரு தொகையை அறக்கொடையாகக் கொடுத்தார். 1935இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கு இன்சா என்று அழைக்கப்படுகிற இந்திய தேசிய அறிவியல் அகாதெமி அதுதான். அங்கே, மீன்வளத்திலும் நீர்வாழ் உயிரியலிலும் சிறந்த பணி செய்தவருக்கு ஒரு பதக்கம் தர அந்தக் கொடை. பதக்கத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. சந்திரகலா ஹோரா நினைவுப் பதக்கம் என்று தன் குடும்பத்துப் பெயரொன்றைச் சூட்டினார். இயற்பியலாளருக்கும் வேதியியலாளருக்கும் நாட்டில் மரியாதை இருந்தது. மீன் நாற்றத்தோடு சந்தைக்கும் சேற்றுக்கும் அலைகிறவனும் அறிவியலாளன்தான் என்று அவர்களுக்குச் சமமாக ஒரு நாற்காலி போட்டது அந்தப் பதக்கம். எனக்குத் தெரிந்து, ஒரு மீன் ஆராய்ச்சியாளர் தன் சொந்தக் காசில் தன் துறைக்குச் செய்த மரியாதைகளில் இதுபோல் நீண்டது வேறில்லை.

அந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டியவர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். ஹிராலால் சவுத்ரி, 1921இல் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கத்தில் பிறந்தவர். நாடு விடுதலை பெற்ற 1947இல் தொடங்கிய மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். குளமீன் ஆராய்ச்சிக்கான அதன் பிரிவு ஒரிசாவின் கட்டாக்கில் இருந்தது. அவர் முன்னால் இருந்த கேள்வி, முன்னே சொன்ன அதே சங்கடம்: குளத்து மீனை ஆறு இல்லாமல் முட்டையிட வைப்பது எப்படி?

வழி அடியோடு தெரியாமல் இல்லை. 1930இல் அர்ஜென்டினாவில் பெர்னார்டோ உசே என்ற மருத்துவ அறிஞர் ஒரு மீனின் பிட்யூட்டரியை எடுத்து, குட்டிபோடும் இன்னொரு வகைச் சிறுமீனுக்குச் செலுத்தி, அது காலத்துக்கு முன்பே குட்டி போட்டதைக் கண்டார். பிட்யூட்டரி ஆராய்ச்சிக்காகவே 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரேசிலில் ஃபான் இஹெரிங் அதே முறையில் ஆற்று மீன்களை முட்டையிட வைத்தார். நம் நாட்டிலும் 1930களின் இறுதியில் பஞ்சாபில் ஹமீத் கான் பாலூட்டியின் பிட்யூட்டரியை மிருகாலுக்குச் செலுத்திப் பார்த்திருந்தார். ஆனால் இந்தியக் குளத்து உழவர் கையில் கொடுக்கும்படியான முறையாக எதுவும் முதிரவில்லை. சவுத்ரி அமெரிக்காவில் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தார். 1955இல் எஸோமஸ் என்ற, விரல்நீளம்கூட இல்லாத சிறுமீனைக் கட்லாவின் சுரப்பியைக் கொண்டு முட்டையிட வைத்தார்.

அந்தச் சுரப்பியை எடுக்கிற வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளைக்கு அடியில் எலும்புக் குழியொன்றில், சில மில்லிகிராம் எடையில், கடுகு மாதிரி இருக்கும். அதை எடுக்க ஆய்வுக்கூடத்தில் மீனை வெட்டத் தேவையில்லை. வங்காளத்துச் சந்தைகளில் பெரிய மீனின் தலையைத் தனியாக வெட்டித்தான் விற்பார்கள். வெட்டுவாய் வழியே, கழுத்துப்பக்கத் துளையில் மெல்லிய இடுக்கியை விட்டு, மூளையை ஒதுக்கி, சுரப்பி உடையாமல் எடுத்துவிடலாம். தலை வாங்குகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எடுத்ததைச் சாராயத்தில் போட்டு வைத்து, வேண்டும்போது அரைத்து, நீரில் கரைத்து, தெளியவைத்து ஊசியில் ஏற்றுவார்கள். மீனைக் கொல்கிற இடத்திலிருந்து மீனைப் பிறப்பிக்கிற மருந்து. அந்த எண்ணம் என்னைப் பல நாள் விடவில்லை.

1957 ஜூலை 10. ஒரிசாவின் அங்குல் நகரத்து மீன்பண்ணை. சவுத்ரியும், அவரோடு பணியாற்றிய கேரளத்துக்காரரான கே.எச். அலிக்குஞ்ஞியும் ஊசி போட்ட கெண்டை இன மீன்கள் நிற்கும் நீரில் முட்டையிட்டன. முட்டை பொரிந்தது. குஞ்சு நீந்தியது. அதே ஆண்டு கரண்ட் சயன்ஸ் இதழில் இருவரும் சேர்ந்து எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு வெளியானது. இரண்டே பக்கம்! இன்று நாட்டில் எந்தக் குளத்தில் கட்லா பிடித்தாலும் அதன் வம்சாவளி அந்த இரண்டு பக்கங்களில் போய் முடியும் என்று தயங்காமல் சொல்வேன்.

முறை இதுதான். முற்றிய பெண்மீனுக்கு உடல் எடைக்கேற்பச் சிறிய அளவில் முதல் ஊசி. ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து அதைவிடக் கூடுதலாக இரண்டாவது ஊசி. அந்த நேரத்தில் ஆண்மீனுக்கு ஒரே ஊசி. பிறகு ஹாப்பா என்ற துணித்தொட்டியைக் குளத்தில் நாலு கம்பில் கட்டி, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் விடுவார்கள். சாயங்காலம் ஊசி போட்டால் விடிவதற்குள் தண்ணீர் மேல் வால் அடிக்கும் சத்தம் கேட்கும். காலையில் ஹாப்பாவுக்குள் கையை விட்டு அள்ளினால் சவ்வரிசி மாதிரி முட்டை. பதினைந்து பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். 1980களின் இறுதியில் சுரப்பிக்குப் பதிலாக ஓவாப்ரிம் போன்ற புட்டி மருந்துகள் வந்தன. கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் சீனத்தின் லின் ஹாவ்ரானும் கண்ட வழி அது. இரண்டு ஊசி ஒன்றாகியது, தலை தேடிச் சந்தைக்குப் போகும் வேலை குறைந்தது. அடிப்படை மாறவில்லை.

அங்குலின் வெற்றிக்குப் பிறகு சவுத்ரிக்குச் சந்திரகலா ஹோரா பதக்கம் வழங்கப்பட்டது. கொடை தந்த ஹோரா அதைப் பார்க்க இல்லை. 1955 டிசம்பரில், அங்குல் குஞ்சுகள் நீந்துவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். தான் விட்டுப்போன நாற்காலியில் யார் வந்து அமர்ந்தார், அதனால் நாட்டின் எத்தனை குளங்கள் நிறைந்தன என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மீனாய்வாளர்கள் அவரை வேறு விதமாகவும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். கோட்டயத்தில் ஒரு கிணற்றில் கிடைத்த கண்ணில்லாத கெளுத்திக்கு 1950இல் ஏ.ஜி.கே. மேனன் ஹோராக்ளானிஸ் என்று பெயரிட்டார். கேரளத்து மஞ்சள் கெளுத்தி இனத்துக்கு ஜெயராம் 1955இல் ஹோராபேக்ரஸ் என்று பெயரிட்டார். பதக்கம் பெட்டிக்குள் போய்விடும். இந்தப் பெயர் கிணற்றிலும் ஆற்றிலும் நீந்திக்கொண்டிருக்கிறது. ஒரு மீனாய்வாளருக்கு இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரியவில்லை.

2001 முதல் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளில் சிறந்த மீன் வளர்ப்போருக்கு நாடு முழுவதும் பாராட்டும் பரிசும் உண்டு. எங்கள் பக்கம் அது ஆனி முடியப்போகும் நேரம். கண்மாயில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. தினம் வருவதும் போவதும் கரைக்குத் தெரியாது.

மீன் எங்கள் பக்கம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். கட்லாவை ஆந்திர ஆறுகளிலிருந்து காவிரிக்குக் கொண்டுவரும் முயற்சியை அந்தக் காலத்துச் சென்னை மாகாண மீன்வளத் துறை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செய்திருந்தது. ஃபிரெடெரிக் நிக்கல்சன் தொடங்கிவைத்த அந்தத் துறை இந்தியாவுக்கே முன்னோடி. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கண்மாய்க்கும் குஞ்சு என்பது ஊசி வந்த பிறகே நடந்தது. 1971இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கூட்டுமீன் வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மேல்மட்ட நீரில் மேயும் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிருகால், இவற்றோடு சீனத்து வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை. ஒன்றின் தீனியில் இன்னொன்று வாய் வைக்காது. மூன்று தளத்திலும் குளம் முழுக்க மீன். கணக்கு சரியான கணக்குதான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி இருந்தது. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் ஏற்கெனவே இருக்கிற மீன்களை ஒழிக்க வேண்டும். கொல்லி மீன், களை மீன் என்று இரண்டு பட்டியல். விராலும் கெளுத்தியும் கொல்லி. கெண்டைப்பொடியும் அயிரையும் களை. ஒழிப்பதற்குச் சொன்ன மருந்து இலுப்பைப் புண்ணாக்கு, ஹெக்டேருக்கு 2,500 கிலோ. அதிலுள்ள நஞ்சு மீனின் இரத்தத்தைக் கெடுத்துக் கொல்லும். சில வாரத்தில் நஞ்சு தணிந்து புண்ணாக்கே உரமாகிவிடும். பெயரிலேயே இலுப்பையை வைத்திருக்கிற இலுப்பூர் எங்கள் பக்கத்து ஊர். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரத்தின் சக்கையால் அயிரையைச் சாகடித்தோம் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. விஞ்ஞானிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டினி கண்ட நாடு, எடை நிறைய வேண்டும் என்று நினைத்தது. சிறுமீனின் எடையைத் தராசில் வைத்துப் பார்த்துக் களை என்று எழுதினார்கள். தராசில் நிற்காத ஒன்று அந்த மீனில் இருந்தது அப்போது தெரியவில்லை.

எங்கள் பக்கத்துச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குப் போனவர்களுக்கு விதானத்து ஓவியம் நினைவிருக்கும். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிற அந்தக் குடைவரையில் ஒரு தாமரைக் குளம். யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் மனிதர்கள், இலைகளுக்கு நடுவே மீன்கள். அந்த மீன்கள் எந்த இனம் என்று தேடுவது என் வேலை இல்லை. கட்லாவாக இருக்க முடியாது என்று மட்டும் தெரியும். ஒரு குளம் என்றால் அதில் எல்லாம் இருக்கும் என்று வரைந்தவருக்குத் தோன்றியிருக்கிறது. கொல்லி, களை என்று பிரித்த குளம் அது இல்லை.

பரிசுகளின் கதையும் பிறகு அந்தப் பக்கம்தான் திரும்பியது. பசுமைப் புரட்சிக்காக 1970இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நார்மன் போர்லாக், உணவுக்கும் வேளாண்மைக்கும் தனி நோபல் இல்லாத குறையைத் தீர்க்க உலக உணவுப் பரிசைத் தொடங்கிவைத்தார். 1987இல் அதை முதலில் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 2005இல் அது ஒரு மீன் விஞ்ஞானிக்குப் போனது: ஆந்திரத்தின் பாபட்லாவில் பிறந்த மொதடுகு விஜய் குப்தா. 1960களில் கல்கத்தாவில் சவுத்ரி பணியாற்றிய அதே ஆராய்ச்சி உலகத்தில் வளர்ந்தவர். பின்னாளில் வங்கதேசத்தில் சாலையோரப் பள்ளங்களையும், மழைக்கு மட்டும் நிறைந்து ஐந்தாறு மாதத்தில் வற்றும் குட்டைகளையும் காட்டி, நிலமில்லாத பெண்கள் இதிலேயே மீன் வளர்க்கலாம் என்று செய்து காட்டினார். எங்கள் ஊரணிகளைப் பார்த்தால் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

2021இல் அதே பரிசைப் பெற்றவர் சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் வழியில் டிரினிடாட்டில் பிறந்தவர். வங்கதேசத்தில் அவர் கையிலெடுத்தது மோலா என்ற சிறுமீன், நம் கெண்டைப்பொடி மாதிரி. அதைத் தலையோடும் முள்ளோடும் கண்ணோடும் முழுசாகத் தின்கிறார்கள். வைட்டமின் ஏ அதன் கண்ணிலும் குடலிலும்தான் செறிந்திருக்கிறது, முள்ளில் சுண்ணாம்புச் சத்து, கூடவே இரும்பும் துத்தநாகமும் என்று அளந்து காட்டினார். பெரிய மீனைத் துண்டு போட்டுத் தின்னும்போது இவை தட்டோரம் ஒதுங்கிவிடும். குளத்தில் நஞ்சு போட வேண்டாம், கட்லாவோடு மோலாவும் இருக்கட்டும், பெரியதை விற்றுச் சிறியதை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்பது அவருடைய முறை. களை என்று பட்டியலில் எழுதப்பட்ட மீனுக்கு உலகப் பரிசு. மீன் தலையைச் சப்பு, கண்ணுக்கு நல்லது என்று அயிரைக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்ன என் அப்பத்தா அன்றைக்கு இருந்திருந்தால், இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.

ஹோரா கொடுத்த காசில் தொடங்கி இதுவரை வந்த பதக்கங்களை வரிசையாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு காலமும் மீனிடம் என்ன கேட்டது என்பது தெரிகிறது. முதலில் குஞ்சு கேட்டது. பிறகு ஏழைக்கும் மீன் கேட்டது. இப்போது பிள்ளையின் கண்ணுக்கும் எலும்புக்கும் கேட்கிறது. இதில் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. கட்லா வந்திராவிட்டால் எங்கள் ஊர்ச் சந்தையில் நன்னீர் மீன் எளியவர் வாங்கும் விலையில் கிடைத்திருக்காது. அதை மறந்துவிட்டு அயிரையை மட்டும் கொண்டாடுவது நன்றியாகாது.

போன பங்குனியில் ஒரு கண்மாய் அழிப்புக்குப் போயிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. கரையில் ஒரு பெரியவர் சாக்கை விரித்து மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்லா மட்டும் மூன்று கிலோவுக்குக் குறையாது. வர முடியாத வீடுகளுக்குத் தனிக் கூறு. ஒரு சிறுமி பிளாஸ்டிக் வாளியில் அயிரையைத் தனியாகப் பொறுக்கிச் சேர்த்தாள். நான் அவரிடம் அங்குல் கதையைச் சொன்னேன், சவுத்ரி பெயரையும் சொன்னேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருக்காரா?"

"இல்லீங்கய்யா. 2014இல தவறிட்டாரு. தொண்ணூத்தி ரெண்டு வயசு."

"அவருக்கு என்ன குடுத்தாங்க?"

"பதக்கம் குடுத்தாங்க."

கொஞ்ச நேரம் அந்தக் கட்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர முடியாதவகளுக்கு நாங்க கூறு எடுத்து வைக்கிறோம்ல தம்பி. அவுக பேரச் சொல்லியும் ஒண்ணு வச்சிருக்கணும்" என்றார். பிறகு அரிவாளை எடுத்து மீனை நடுவில் வெட்டினார்.